எத்தனை செடி போதும்?

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியாரையும் சேர்த்து நான்கு பேர். கொல்லையில் நல்ல வெயில் படும் அரை சென்ட் இடம் இருக்கிறது. சென்ற ஆடியில் ஒரு பாக்கெட் வெண்டை விதையை முழுவதுமாக ஊன்றினேன். எழுபது செடிகளுக்கு மேல் தேறின. பறித்து மாளவில்லை, பக்கத்து வீட்டாரே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதே நாட்களில் தக்காளியையும் கீரையையும் கடையில்தான் வாங்கினோம். எந்தச் செடியை எத்தனை வைப்பது என்று எப்படி முடிவு செய்வது?
– திருச்சிக்கு அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் தோட்டத்தின் அளவை நீங்கள் முடிவு செய்யவில்லை, விதை பாக்கெட் முடிவு செய்திருக்கிறது. ஒரு கிராம் வெண்டை விதையில் ஏறத்தாழ பதினைந்து விதைகள் இருக்கும். பத்து கிராம் பாக்கெட்டில் நூற்றைம்பது. மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளோ கிராமுக்கு நூற்றுக்கணக்கில் வரும். வாங்கியது வீணாகக் கூடாதே என்று அத்தனையையும் ஊன்றிவிடுவது எல்லாரும் செய்கிற காரியம்தான். மீதி விதையை ஈரம் படாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் முளைக்கும். வெங்காய விதை மட்டும் ஓராண்டுக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல.

கணக்கைச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை முறை வெண்டைக்காய் சமைப்பீர்கள்? இரண்டு முறை என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு பொரியலுக்கு அரைக் கிலோ வேண்டும். பிஞ்சு வெண்டை ஒன்று பதினைந்து கிராம் அளவில் இருக்குமாதலால் அது முப்பது முப்பத்தைந்து காய்களாகும், வாரத்துக்கு எழுபது. நன்றாகக் காய்க்கும் நாட்களில் ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும், அதாவது வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு. ஆகவே இருபது செடிகள் போதும். ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில் நட்டால் இவை முப்பது சதுர அடிக்குள் அடங்கிவிடும். வாரம் ஒருமுறைதான் வெண்டை என்றால் பத்துச் செடிகளே நிறைவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் காய் முற்றி நாராகிவிடும் என்பதோடு, முற்றிய காயைச் சுமக்கும் செடி புதிய பூ வைப்பதையும் குறைத்துக்கொள்ளும். செடிகளைக் கூட்டிவிட்டுப் பறிக்க நேரமில்லாமல் போகிறவர்களுக்குக் குறைவாகவே காய் கிடைப்பது இதனால்தான்.

அடுத்தது காலக் கணக்கு. வெண்டை நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் பறிப்புக்கு வந்து, மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். முதல் தொகுதி பறிப்புக்கு வரும் வாரத்தில் அடுத்த இருபது விதைகளை ஊன்றினால் காய்ப்பு இடைவெளியின்றித் தொடரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி பருவத்தைத் தவறவிடாதே என்று சொல்கிறதே தவிர, எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கச் சொல்லவில்லை. கீரையில் இந்த முறையின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். சிறுகீரையை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிவிடுவோம். எனவே மூன்றடிக்கு இரண்டடி அளவில் மூன்று சிறு பாத்திகள் போட்டு, பத்து நாளைக்கு ஒன்றாக விதைத்து வந்தால் எப்போதும் ஒரு பாத்தி பறிப்புக்குத் தயாராக இருக்கும். கீரை விதை மிகவும் பொடியானது. ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் மண்டிவிடும். அரைக்கீரைக்கு இந்த வரிசை முறை வேண்டியதில்லை. அறுக்க அறுக்கத் தழைக்கும் கீரை என்பதால், ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி பல மாதம் தாங்கும்.

கத்தரி வெண்டைக்கு நேர்மாறானது. மாதக்கணக்கில் காய்ப்பதோடு, ஓய்ந்தபின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து எரு வைத்தால் மறுபடியும் துளிர்த்துக் காய்க்கும். செடிக்கு நான்கு சதுர அடி கொடுத்து ஆறு செடிகள் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மிளகாய் நான்கு செடிகள். தக்காளிதான் இடத்தைக் கேட்கும் பயிர். ரசத்துக்கும் குழம்புக்குமாக நாளொன்றுக்குக் கால் கிலோ என்றாலும் மாதத்துக்கு ஏழரைக் கிலோ. வீட்டுப் பராமரிப்பில் ஒரு செடி ஒன்றரைக் கிலோ தந்தால் அதை நல்ல காய்ப்பு என்றே கொள்வேன். ஆகவே பத்துச் செடிகள் வைத்தாலும் இரண்டு மாதத் தேவைக்கு மேல் வராது. அதோடு வெயில் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ கொட்டிவிடும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அதோடு போராடாமல், அந்த இடத்தைக் கொத்தவரைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அரை சென்ட் என்பது 218 சதுர அடி. நடைபாதையைக் கழித்தால் 160 மிஞ்சும். மேலே சொன்ன செடிகளும் பாத்திகளும் ஏறத்தாழ 130 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மீதியில் சுவரோரமாகச் சிறு பந்தல் போட்டுப் புடலையோ பாகலோ ஏற்றலாம். கோடையில் இந்த இடத்துக்கு நாளொன்றுக்கு எண்பது லிட்டர் தண்ணீராவது வேண்டியிருக்கும், ஏறத்தாழ ஆறு குடம். இதைத் தினமும் ஊற்ற ஆள் உண்டா என்பதையும் யோசித்துவிட்டே பாத்தி கட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டுத் தேவை முழுவதும் தோட்டத்திலிருந்து வராது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும். நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. அதை எடுக்க ஐந்து சென்ட் அளவில் நிலம் வேண்டும். ஆகவே, வெங்காயம், உருளை, பூசணி போன்று நாள்பட இருந்தாலும் கெடாதவற்றைக் கடைக்கு விட்டுவிட்டு, பறித்த அன்றே சமைத்தால்தான் ருசி என்கிற கீரை, வெண்டை, கத்தரி, கொத்தமல்லி ஆகியவற்றுக்கு இருக்கிற இடத்தை ஒதுக்குவதே என் விருப்பம்.

கேள்வி: சென்னையில் மாடியில் தோட்டம் போடுகிறோம். நாங்கள் இருவர் மட்டும். முப்பது பைகள் வாங்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: முப்பது வேண்டாம், பத்துப் பைகளோடு தொடங்குங்கள். ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் முப்பது கிலோவைத் தாண்டும். முப்பது பைகள் ஏறக்குறைய ஒரு டன். தென்னை நார்க் கழிவும் தொழுவுரமும் சம அளவில் கலந்தால் பாரம் கணிசமாகக் குறையும் என்றாலும், பழைய கட்டடமானால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்தரமோ உள்ள ஓரங்களில் வைப்பதே பாதுகாப்பு. பத்துப் பைகளில் கத்தரி இரண்டு, மிளகாய் இரண்டு, தக்காளி மூன்று. மீதி மூன்றிலும் கீரையும் கொத்தமல்லியும். வெண்டையைப் பத்துச் செடிகளாவது வைக்க இடமில்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டு செடியில் கிடைக்கும் நான்கு காய்கள் சாம்பாரில் போடக்கூடக் காணாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பையின் அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பீர்க்கங்காய்க்கு எத்தனை குழி எடுக்கலாம்? முருங்கையும் இரண்டு வைக்க ஆசை.
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: பீர்க்கனுக்கு ஒரு குழி. நான்கைந்து விதைகளை ஊன்றி, பதினைந்து நாளில் திடமான இரண்டு நாற்றுகளை விட்டு மற்றவற்றைக் களைந்துவிடுங்கள். நான் ஒரு வருடம் களைய மனமில்லாமல் ஐந்தையும் விட்டேன். பந்தலின் பின்பக்கம் கண்ணில் படாமல் தொங்கிய காய்கள் முற்றி, அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் முதுகு தேய்க்க நாருக்குப் பஞ்சமே இல்லை.

முருங்கை ஒன்றே போதும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை ரகம் வருடத்துக்கு இருநூறு காய்களுக்கு மேல் தரக்கூடியது. கீரையும் அதிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதை வைக்க நினைத்த இடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டுவிடுங்கள்.