கோல்டு டிக்கெட் கையில, நாம கேட்டுக்கு வெளிய: பாட்டு சம்பந்தமா வந்த கேள்விகள்

கேள்வி: அண்ணா, போன மாசம் ஊருக்கு வெளிய ஒரு மைதானத்துல நடந்த லைவ் கச்சேரிக்கு நானும் தங்கச்சியும் கோல்டு டிக்கெட் எடுத்தோம், தலைக்கு 5,000. கச்சேரி ஏழு மணிக்கு, நாங்க ஆறரைக்கே போயிட்டோம், ஆனா உள்ள இடமே இல்லன்னு கேட்ட சாத்திட்டாங்க. ரீஃபண்ட் கேட்டா, டிக்கெட்லயே நான்-ரீஃபண்டபிள்னு போட்ருக்குன்னு ஒத்த வரில பதில் வருது. அவ்ளோதானா? (தாம்பரத்துல இருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்ல தம்பி, விட்றாதீங்க. நான்-ரீஃபண்டபிள்ங்கறது நீங்களா மனசு மாறி வரலன்னா காசு கிடையாதுன்னு அர்த்தம். நீங்க நேரத்துக்குப் போயி, அவங்க உள்ள விடலன்னா அது சேவைக் குறைபாடு, அதுக்கு அந்த ஒத்த வரி பதில் செல்லாது. டிக்கெட்னு நாம வாங்கறது அந்த வகுப்புல ஒரு இடம், அந்த இடத்த குடுக்கலன்னா பொருள குடுக்காம காசு வாங்குன மாதிரிதான்.

எனக்கும் இது நடந்துருக்கு, எந்த நிகழ்ச்சின்னு வேணாம். காம்பவுண்டு சுவருக்கு வெளிய நின்னுக்கிட்டு இருக்கேன், உள்ள நான் சின்ன வயசுலேந்து உசிரா கேட்ட பாட்டு ஆரம்பிக்குது, பேஸ் சத்தம் மட்டும் சுவர தாண்டி வந்து நெஞ்சுல இடிக்குது, பாடுற குரல் வரவே இல்ல. பக்கத்துல ஒரு அம்மா தூங்குற கொழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு, செக்யூரிட்டிகிட்ட போன்ல இருக்கற டிக்கெட்ட காட்டிக்கிட்டே இருந்தாங்க, அவரு அதப் பாக்கவே இல்ல. அந்த காட்சி இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

2023 செப்டம்பர் 10 ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட்ல மழையால தள்ளிப்போன ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி அன்னிக்குத்தான் ஈசிஆர் பனையூர் பக்கம் நடந்துச்சு, டிக்கெட் வச்சிருந்த ஏகப்பட்ட பேர் உள்ள போக முடியாம திரும்புனாங்க. அப்போ ரஹ்மானே, உள்ள வர முடியாதவங்க டிக்கெட் காப்பியயும் என்ன நடந்துச்சுங்கறதயும் அனுப்புங்கன்னு வெளிப்படையா கேட்டாரு. கவனிங்க, அங்கயும் மொதல்ல கேட்டது டிக்கெட் காப்பிதான். அதனால இன்னிக்கே உக்காந்து சேத்து வைங்க: டிக்கெட் பிடிஎஃப், காசு போன மெசேஜ், கேட்ல எடுத்த போட்டோ (நேரம் போட்டோக்குள்ளயே பதிவாகி இருக்கும், வாட்ஸப்ல அனுப்புனா அது போயிடும், ஒரிஜினல வைங்க), அப்புறம் அவங்க அனுப்புன அந்த ஒத்த வரி பதில்.

அடுத்து நடத்துனவங்களுக்கும் டிக்கெட் வித்த ஆப்புக்கும் ஒரே மெயில், பதினஞ்சு நாள் டைம் குடுத்து. பெருசா திட்டி எழுத வேணாம், எத்தன மணிக்குப் போனீங்க, என்ன சொன்னாங்க, எவ்ளோ காசு, இது மூணு போதும். அதுக்கும் அசையலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது. அது கோர்ட் இல்ல, உங்க புகார கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தர்ற இடம், ஆனா நெறைய பேருக்கு காரியம் அங்கயே முடிஞ்சிடுது. முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல, வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னு கட்டாயம் இல்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், ஆன்லைன்ல இ-ஜாக்ரிதிங்கற அரசு தளத்துலயும் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சார்ஜ்பேக்கும் (கட்டுன காச பேங்க் மூலமா திருப்பி வாங்கற வழி) கேட்டுப் பாருங்க, அத மட்டும் லேட் பண்ணாதீங்க, அதுக்கு நாள் கணக்கு இருக்கு.

கேள்வி: கச்சேரி டிக்கெட் 2,000 ரூவான்னு போஸ்டர்ல பாத்து ஆப்புக்குள்ள போனா கடைசி ஸ்க்ரீன்ல 2,500 தாண்டி நிக்குது. இது நியாயமா? அப்புறம் டிக்கெட் தீந்துட்டா இன்ஸ்டால விக்கிறவங்ககிட்ட வாங்கலாமா? (கோவை)

பதில்: 500 ரூவாய்க்கு மேல உள்ள கச்சேரி டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,000ங்கறது 2,360 ஆயிடும், அது வரி, தப்பிக்க முடியாது. அதுக்கு மேல ஏறுறது டிக்கெட் விக்கிற ஆப்பு எடுக்கற கன்வீனியன்ஸ் ஃபீஸும் அந்த ஃபீஸுக்கு உண்டான வரியும். ஃபீஸ் வாங்கறது தப்பில்ல, அத கடைசி ஸ்க்ரீன் வரைக்கும் மறச்சு வைக்கறதுதான் தப்பு. 2023 நவம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த டார்க் பேட்டர்ன் (ஆன்லைன்ல வாங்கறவங்கள ஏமாத்தற வேல) விதிகள்ல 13 தந்திரத்த பட்டியல் போட்டாங்க, வெலய துளித்துளியா ஏத்தறது அதுல ஒண்ணு, கேக்காமலே நன்கொடை, இன்சூரன்ஸ்னு கூடைல போட்டு விடறதும் அதுல இருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி எதுல டிக் விழுந்துருக்குன்னு பாத்து எடுத்துவிடுங்க.

இன்ஸ்டா ஆள்கிட்ட வேணவே வேணாம். அவங்க அனுப்பறது க்யூஆர் ஸ்க்ரீன்ஷாட், அதே ஸ்க்ரீன்ஷாட் உங்களுக்கு முன்னாடி நாலு பேருக்குப் போயிருக்கும், கேட்ல யாருத மொதல்ல ஸ்கேன் பண்றாங்களோ அவங்க உள்ள, மிச்ச நாலு பேருக்கும் செவப்பு லைட்டு. வித்தவர் அக்கவுண்ட் அதுக்குள்ள காணாமப் போயிருக்கும். 1915லயும் அவர் மேல என்னன்னு புகார் குடுப்பீங்க, பேரு கூட தெரியாதே.

கேள்வி: அப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு எண்பதுகள்ல வந்த இளையராஜா எல்பி ரெக்கார்டு பழசா வாங்கித் தரணும். ஏமாறாம எப்படி வாங்கறது? (மயிலாப்பூர், ஒரு மகள்)

பதில்: என்ன ஒரு பரிசும்மா, படிச்சதுமே சந்தோஷமா இருந்துச்சு. சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் பகுதில தேடுங்க, முடிஞ்ச வரைக்கும் நேர்ல போயி பகல் வெளிச்சத்துல பாருங்க. கவர் அழகா இருக்குன்னு மயங்காதீங்க, மொதல்ல தட்ட வெளிய எடுத்து, கவர்ல போட்ட படமும் தட்டு நடுவுல இருக்கற லேபிளும் ஒண்ணுதானான்னு பாருங்க, கவர் ஒரு படம் உள்ள வேற படம்னு நெறய நடக்கும்.

அப்புறம் தட்ட ரெண்டு உள்ளங்கையால ஓரத்த மட்டும் புடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா லேசா சாய்ங்க. மெல்லிசா முடி மாதிரி கோடுங்க தெரியும், அது பரவால்ல, பெருசா கேக்காது. ஒரு கோடு மேல நகத்த மெதுவா ஓட்டுனா தட்டுதுன்னா அந்த எடத்துல ஊசி குதிக்கும், சுத்துக்கு ஒரு தடவ டிக் டிக்னு வரும், வேணாம். கண்ணு மட்டத்துக்கு தூக்கி பக்கவாட்டுல பாருங்க, வளஞ்சிருக்கா தெரிஞ்சிடும், நம்ம ஊரு வெயில்ல படுக்க வச்சு அடுக்குன தட்டு பாதி இப்பிடித்தான் ஆகும். கடைசியா நடு ஓட்டைய சுத்தி லேபிள்ல கீறல் தடம் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, அது எத்தன தடவ ப்ளேயர்ல மாட்டிருக்காங்கன்னு சொல்லிடும். மேல பளபளன்னு இருந்து அந்த தடம் மட்டும் கன்னாபின்னான்னு இருந்தா, தேஞ்ச தட்ட தொடச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

கடைல ப்ளேயர் இருந்தா கடைசி பாட்ட போடச் சொல்லுங்க, மொதப் பாட்ட இல்ல. தட்டோட நடுவுக்குப் போகப் போக இடம் சுருங்கறதால சத்தம் மொதல்ல கெடறது அங்கதான்.

அப்பாகிட்ட தாத்தா காலத்து 78 தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய ரெக்கார்டு) ஏதாவது இருந்தா, அத ஸ்பிரிட் போட்டு தொடச்சிடாதீங்க, அது அரக்கு கலந்து செஞ்சது, கரஞ்சிடும். எல்பி ஊசில ஓட்டவும் வேணாம், அதுக்கு தடிமனான ஊசி வேணும்.

கேள்வி: மாசாமாசம் பாட்டு கேக்கற ஆப்புக்கு காசு கட்டறேன். நான் கேக்கற கலைஞருக்கு அது போகுதா? (மதுரை)

பதில்: நேரா போகாது. பெரும்பாலும் எல்லார் காசும் ஒரே குண்டான்ல சேந்து, மொத்தத்துல யாரு எவ்ளோ கேக்கப்பட்டாங்களோ அந்த பங்குல பிரியும். நீங்க மாசம் பூரா ஒரே ஒரு பேண்ட மட்டும் கேட்டாலும் உங்க காசு அவங்களுக்கு மட்டும் போறதில்ல. ஸ்பாட்டிஃபைல 2024லேந்து ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல 1,000 தடவையாவது ஓடலன்னா அதுக்கு ராயல்டியே கிடையாது. சினிமா பாட்டுன்னா மொதல்ல ஆடியோ கம்பெனிக்குப் போகும். 2012ல காப்புரிமை சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம்தான் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உள்ள ராயல்டி பங்க எழுதி வாங்கிட முடியாதுன்னு ஆச்சு.

அதனால ஆப்ப வச்சுக்கோங்க, புதுசா கேக்க அத விட்டா வழியில்ல. ஆனா சுயாதீனமா பண்ற பசங்கள புடிச்சிருந்தா அவங்க ஆல்பத்த ஒரு தடவ காசு குடுத்து வாங்குங்க. பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல டிஜிட்டல் ஆல்பத்துக்கு சைட் எடுக்கறது 15 சதவீதம்தான், பேமெண்ட் செலவு போக மிச்சம் அவங்களுக்கு. நிகழ்ச்சி முடிஞ்சு வாசல்ல சிடி, டீஷர்ட் விப்பாங்க, அங்க குடுக்கற 500 ரூவா ஆப்புல வருஷக்கணக்கா கேட்டு குடுக்கறத விட அதிகம்.

கேள்வி: மார்கழில பட்ஜெட் இல்லாம நல்ல கச்சேரி கேக்க முடியுமா? (திருச்சி, காலேஜ் மாணவி)

பதில்: தாராளமா. சென்னைல பல சபாக்கள்ல மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது, மியூசிக் அகாடமிலயும் சேத்துத்தான். இன்னிக்கு சாயங்காலம் டிக்கெட் கிடைக்காத பெரிய பேருங்க பல பேரு ஒரு காலத்துல அந்த மதிய ஸ்லாட்ல பாடுனவங்கதான். பத்து நிமிஷம் முன்னாடி போயி மேடைக்குப் பக்கமா, மிருதங்கம் இருக்கற சைடுல ஒக்காருங்க, மைக் இல்லாமலே அந்த வலந்தலை (மிருதங்கத்தோட வலது பக்கம்) சத்தம் கேக்கும்.