பைக்கில் போக எந்த கூலிங் கிளாஸ் வாங்கலாம்? நேரம் வீணாகாமல் தேர்வு செய்வது எப்படி?

தினமும் வெயிலில் பைக்கில் போகிறேன், கடை கடையாக ஏறி இறங்க நேரமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். கருப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கருப்புக் கண்ணாடியைப் போட்டால், விரிந்த கண்மணி வழியே அந்தக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். நாளடைவில் கண்புரைக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடியில் 'யுவி 400' என்று ஸ்டிக்கர் இருந்தால், 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்று பொருள். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம் என்பதால், சோதிக்கும் கருவி வைத்திருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்குங்கள். சோதிக்கச் சில நொடிகள் போதும்.

பைக்குக்கு நான் போலரைஸ்டு கண்ணாடியை, அதாவது தெறித்து வரும் ஒளியை வடிகட்டும் கண்ணாடியைத்தான் சொல்வேன். ஈரச் சாலையிலும் முன்னால் போகும் கார் மீதும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தால் வரும் கண்கூச்சம் நன்றாகக் குறையும். அசலா என்று பார்க்க, கடையில் இருக்கும் கால்குலேட்டர் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும்.

அப்புறம், அடர்த்தி, அதாவது கண்ணாடி எவ்வளவு இருட்டு என்பது. அதை வகை எண்ணால் குறிப்பார்கள். வகை 3 என்றால் 8 முதல் 18 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். பகல் வெயிலுக்கு அது போதும். வகை 4 வண்டி ஓட்ட ஏற்றதல்ல. பொழுது சாய்ந்ததும் எதுவானாலும் கழற்றிவிடுங்கள்.

கடைக்கு ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியின் காம்பு காதோரம் அழுத்தினால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.