மகளை ஹோமியோபதி படிக்க வைக்கலாமா?

வணக்கம் அம்மா. மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை, மகளை ஹோமியோபதியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் கிடைக்காத ஏமாற்றத்தோடு எடுக்கிற முடிவாக இது இருக்க வேண்டாம். அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1796-இல் முன்வைத்த கருத்துதான் இதன் அடிப்படை. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு பொருள் என்னென்ன தொந்தரவுகளைத் தருமோ, அதே தொந்தரவுகளோடு வரும் நோயாளியை அந்தப் பொருளே குணப்படுத்தும் என்றார் அவர். அதனால் இதில் நோயின் பெயரைவிட நோயாளி சொல்லும் விவரம்தான் முக்கியம். தலைவலி என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவருக்குத் திடீரென்று தொடங்கி, முகம் சிவந்து, விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் பெல்லடோனா. இன்னொருவருக்குக் கொஞ்சம் அசைந்தாலே வலி கூடுகிறது, தாகம் அதிகம், பேசாமல் படுத்துக்கிடக்கத்தான் தோன்றுகிறது என்றால் பிரையோனியா. இப்படி நூற்றுக்கணக்கான மருந்துகளின் குணங்களை மனதில் ஏற்ற வேண்டும். பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற சுபாவம் உங்கள் மகளுக்கு உண்டா?

அப்புறம், அவள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு சொட்டு மூலமருந்தை 99 சொட்டு ஆல்கஹாலில் கலந்து குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மறுபடி 99 சொட்டில் கலப்பார்கள். இப்படி 30 முறை செய்தால் கிடைப்பதுதான் 30சி என்று சீட்டில் எழுதித் தரும் மருந்து. ஆனால் 12 முறை தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லாமல் போகிறது என்பது வேதியியல் கணக்கு. எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் அறிவித்தது. காசநோய், மலேரியா, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கு ஹோமியோபதியை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது. இதையெல்லாம் சேருவதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். படித்து முடித்த பிறகு தெரியவந்தால் மனசு உடைந்துபோகும்.

இதைத் தெரிந்துகொண்டும் அவள் விரும்பினால், சரி, கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். உடற்கூறியலும் நோயியலும் எவ்வளவு ஆழமாக நடத்துகிறார்கள்? பொது மருத்துவமனை வார்டில் பயிற்சி உண்டா? நெஞ்சுவலியோடு வருபவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தெரியாமல் யாரும் கிளினிக் திறக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பட்டம் பெற்றவர் எந்த மருந்தை எழுதலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்த கிளினிக்கில் நோயாளிகள் சேரச் சில வருடங்கள் ஆகும், அதுவரை வீட்டுச் செலவு தாங்குமா என்றும் பாருங்கள்.

நோயாளிகளோடு இருப்பதுதான் அவளுடைய ஆசை என்றால் செவிலியர், பிசியோதெரபி, பேச்சுக் குறைபாட்டுக்கான சிகிச்சைப் படிப்புகளையும் இந்த வாரமே அவளோடு உட்கார்ந்து பாருங்கள். விண்ணப்பத் தேதிகள் முடிந்துவிடப் போகின்றன.