பூனைக்கு இனிப்புத் தெரியுமா? உயிரியல் டீச்சரிடம் கேள்வி பதில்

பம்பலப்பிட்டி: டீச்சர், நாய்க்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகவா தெரியும்?

இல்லை. கண்ணில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் நமக்கு மூன்று வகை, நாய்க்கு இரண்டு. நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் குழம்பும். புல்லில் சிவப்புப் பந்தை எறிந்துவிட்டு நாயை ஏசாதீர்கள். நீலப் பந்து வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை: எங்கள் வளவுக்கு வரும் கிளி பச்சைக் கொச்சிக்காயை அப்படியே தின்கிறது. உறைக்காதா?

உறைக்காது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீட்டுகிறேன். உறைப்பு சுவையே அல்ல, வலி. சூட்டை உணர நம் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. கொச்சிக்காயின் கப்சைசின் அதைத் தூண்டிவிட, வாய் வெந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. 1997 இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவையிடமும் இந்தப் புரதம் உண்டு, சூட்டுக்கு வேலை செய்யும், கப்சைசினுக்கு அசையாது. செடிக்கும் இது நல்லதுதான். எலி விதையைக் கடித்து நொறுக்கிவிடும். கொண்டைக்குருவி பழத்தை விழுங்கி வேறிடத்தில் எச்சமிடும், விதை முளைக்கும். கிளியை இதில் சேர்க்காதீர்கள், அது விதையையும் உடைத்துத் தின்றுவிடும்.

மருதானை: நாய்க்கு நிறம் தெரியுமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

தெகிவளை: பூனைக்கு இனிப்புத் தெரியாது என்று போன முறை சொன்னீர்கள். எங்கள் பூனை தயிரும் கித்துள் பாணியும் வழித்து நக்குகிறதே?

தயிரின் கொழுப்புக்காக, தம்பி. இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. பூனையிடம் அதில் ஒன்றின் மரபணு பழுதாகிக் கிடக்கிறது. பிலடெல்பியாவில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மொனெல் நிலையத்தார் 2005 இல் இதைக் காட்டினார்கள். புலிக்கும் அதே கதைதான். மறுபடியும் சொல்கிறேன்: இனிப்புத் தெரியாதே என்று சாக்லேட் வைக்காதீர்கள். பூனைக்கும் நாய்க்கும் அது நஞ்சு.

தெகிவளை: பாணி ஊற்றிய பக்கத்தைத்தான் முதலில் நக்கியது, டீச்சர். என் கண்ணால் பார்த்தேன்.

பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தயிரும் கலந்திருந்தது. ஒரு தட்டில் வெறும் தயிர் ஒரு கரண்டி, இன்னொன்றில் வெறும் பாணி வையுங்கள். மூன்று நாள், இடத்தை மாற்றி மாற்றி.

வெள்ளவத்தை: இடையில் வருகிறேன். அப்போ தேன் குடிக்கும் பறவைகள்?

அருமையான கேள்வி, பிள்ளை. பூனையிடம் பழுதான அந்த மரபணு பறவைகளிடம் இல்லவே இல்லை. ஆனால் அமெரிக்காக்களில் வாழும் ஓசனிச்சிட்டில், இறைச்சியின் உமாமி சுவையை உணரும் ஏற்பியே மாறிச் சர்க்கரையை உணரத் தொடங்கிவிட்டது. 2014 இல் தெரிந்தது. தொலைத்ததை வேறு வழியால் திரும்பப் பெற்றிருக்கிறது. பூனைக்கு அந்தத் தேவை வரவில்லை, இறைச்சியே போதும்.

கிராண்ட்பாஸ்: மகுடிக்குப் பாம்பு ஆடுவது?

மகுடியின் அசைவைத் தொடர்கிறது. கடித்தால் நேரே ஆஸ்பத்திரி.

கொள்ளுப்பிட்டி: அம்மாவுக்குக் கண் மங்குகிறது. என்ன செய்யலாம்?

இது என் துறை இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

நாரஹேன்பிட்டி: நாய்க்குச் சிவப்பு...

நாய்க் கேள்விக்கு இன்று மூன்றாவது முறை: முதல் பதில். வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

தெகிவளை: இப்போதே வைத்துப் பார்த்தேன். தயிர்த் தட்டு காலி. பாணியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் ஒரு தடவைதானே?

சரியாகச் சொன்னீர்கள், ஒரு தடவை போதாது. நாளைக்குத் தட்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டு எழுதுங்கள்.