கால்சியம் பவுடர் போட்டும் இகுவானாவின் தாடை ஏன் இன்னும் மெத்தென்று இருக்கிறது?

கேள்வி: மதுரையில் ஏசி அறைக்குள் கண்ணாடித் தொட்டியில் இகுவானா என்ற பெரிய பல்லி வளர்க்கிறேன். ஜன்னல் வழியாக வெயில் வருகிறது. இரண்டு மாதமாகக் கீரையில் கால்சியம் பவுடர் தூவியும் பின்னங்காலை இழுத்து நடக்கிறது, தாடை மெத்தென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கோளாறு பவுடரில் இல்லை, தொட்டியில். தின்ற கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏற வைட்டமின் டி3 வேண்டும். இகுவானா அதைத் தன் தோலிலேயே தயாரித்துக்கொள்ளும். அதற்கு வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் (அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர்) நேராகத் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். உடம்பு சூடேறாவிட்டால் டி3 உருவாவதும் மந்தம், செரிமானமும் மந்தம். இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். தொடை பருத்திருந்தால் சதைப்பிடிப்பு என்று மகிழ வேண்டாம். நலிந்த எலும்பைச் சுற்றி நார்த்திசு கூடியதுதான் அது.

முதலில் மருத்துவர். விரல் துடித்தாலோ உடம்பு நடுங்கினாலோ அன்றே போக வேண்டும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையோ தனியாரோ, பல்லி இனத்தைப் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். எக்ஸ்ரேயோடு, இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டை, கோழிக்கறி, நாய்த்தீனி தின்று வளர்ந்த இகுவானாவுக்குச் சிறுநீரகம் கெட்டும் இதே எலும்பு நோய் வரும். அப்போது பாஸ்பரஸ் ஏறியிருக்கும், சிகிச்சையும் மாறும். நடுக்கம் இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, இல்லாவிட்டால் எடைக்கேற்ற அளவில் வாய்வழி சிரப் என்று மருத்துவர் முடிவெடுப்பார். மெடிக்கலில் கிடைக்கும் 60,000 யூனிட் டி3 பாக்கெட்டை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் கால்சியம் படியும். வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது வாயைப் புண்ணாக்கிவிடும்.

வீட்டில் ஏறும் கிளைகளை எடுத்துவிடுங்கள். இந்த எலும்பு ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தாலே முறியும். தரையில் துண்டு விரியுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். தாடையை விரித்துத் தீனி திணித்தால் தாடையே உடையும். கீரையை அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து உதட்டோரம் சொட்டுச் சொட்டாக விட்டு நக்க வையுங்கள்.

அடுத்தது வெயில். மதுரையில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சம் சொல்ல முடியாது. கம்பிவலைக் கூண்டில் பாதியை ஈரச்சாக்கால் மூடி நிழல் கொடுத்து, காலை 8:30க்கு மேல் 20 முதல் 30 நிமிடம் மாடியில் வையுங்கள். ஆறரை மணி இளவெயில் நமக்கு இதம், ஆனால் அதில் யுவி-பி மிகக் குறைவு. கொசுவலை போன்ற நெருக்கமான வலையும் கதிரைக் குறைக்கும். வாயைப் பிளந்து மூச்சுவிட்டால் உடனே உள்ளே கொண்டு போங்கள். சித்திரை, வைகாசியில் ஒன்பதுக்கே அந்த நிலை வரும். காக்கையும் பூனையும் வரும், கூடவே நில்லுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு யுவி-பி டியூப் தேவை. யுவி-பி அளவு 5 அல்லது 6 சதவீதம் என்று குறித்த டியூபை, நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல், முதுகிலிருந்து சுமார் ஒரு அடி உயரத்தில் பொருத்தி 12 மணி நேரம் எரிய விடுங்கள். ஓர் ஆண்டில் மாற்றிவிட வேண்டும், வெளிச்சம் நன்றாக இருந்தாலும் கதிர் குறைந்திருக்கும். குளிர்காயும் இடத்தில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். ஏசியை மறந்துவிடுங்கள்.

தீனியில் பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் இரண்டு பங்காவது வேண்டும். அமாவாசைக்கு மாட்டுக்கு வாங்கிக் கொடுக்கும் அகத்திக்கட்டே இதற்கு முதல்தரம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் அகத்தியில் கால்சியம் 1130 மி.கி., பாஸ்பரஸ் 80 மி.கி. முருங்கைக்கீரையில் 440, 70. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாதித் தட்டுக்குப் போட்டு, மீதியில் செம்பருத்திப் பூ, கொஞ்சம் கறிவேப்பிலை, பரங்கித் துருவல், பீன்ஸ். பசலை, தண்டுக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எப்போதாவது போதும். சாதம், இட்லி வேண்டாம். வாழைப்பழத்தில் பாஸ்பரஸ்தான் அதிகம். டி3 கலக்காத கால்சியம் கார்பனேட் பவுடர் தினம் ஒரு சிட்டிகை, தேறியபின் வாரம் இரண்டு மூன்று முறை.

இவ்வளவும் செய்தால் சில வாரங்களில் பசியும் பிடியும் திரும்பலாம். எலும்பு இறுக மாதங்கள் ஆகும், வளைந்த தாடையும் முதுகும் நேராகாது. பெண் இகுவானாவாக இருந்தால் இடுப்பெலும்பு குறுகி முட்டை அடைத்துக்கொள்ளவும் கூடும். எக்ஸ்ரே எடுக்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.