சாக்குத்துணி சுற்றிய கால்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சுவிட்சர்லாந்தில், பெர்னில் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு ஒரு பிப்ரவரியில் லோட்செந்தால் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மாட்டுமணி கட்டி, மரமுகமூடி போட்ட ஒருவர் பாய்ந்து வந்து என் ஒன்பது வயது மகளின் முகத்தில் பனியை அப்பிவிட்டார். இன்றும் அந்தப் பேச்செடுத்தால் அவள் முகம் மாறிவிடுகிறது. குளிரை விரட்ட, கிறிஸ்தவத்துக்கு முன்பிருந்தே நடக்கும் தொன்மையான சடங்கு இது என்கிறார் ஒரு நண்பர். காட்டுமிராண்டித்தனம் என்கிறார் கணவர். மகளுக்கு நான் என்ன சொல்ல? அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ப்ளாட்டன் என்ற ஊரில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

2025 மே 28 அன்று பிர்ச் பனியாறு சரிந்து ப்ளாட்டனை மூடிய காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் நான். முந்நூறு பேரையும் ஒன்பது நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அப்படியும் ஓர் உயிர் போனது. அந்த ஊரின் படம் உங்கள் கடிதத்தோடு வந்தால் எப்படிப் பதில் எழுதாமல் இருப்பது?

கணவர் சொன்னது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து, எனக்கு வேண்டாம். நண்பரிடம்தான் எனக்குச் சண்டை. நம் ஆட்களுக்கு எதைப் பார்த்தாலும் அதற்கு ஆயிரம் வருடம் வயது போட்டாக வேண்டும்; இல்லாவிட்டால் மதிப்பே இல்லை. அந்த வேடத்துக்குப் பெயர் செக்கெத்தா. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டு விழுந்தது என்று பொருள், ஆட்டுத்தோலைச் சொல்வது. எழுத்தில் அதன் தடயம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அதே பள்ளத்தாக்கிலுள்ள கிப்பல் ஊர்ப் பங்குச் சாமியாரின் குறிப்பில்தான் வருகிறது. அதுவும் தடை போடுவதற்காக! வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் மிச்சம் என்ற கதையைப் பரப்பியவர்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள். பாசல் நகரத்து லெயோபோல்ட் ரூட்டிமயர் அவர்களில் முக்கியமானவர். 1913இல் லோட்ச்பெர்க் சுரங்கப்பாதை வழியாக ரயில் வந்தது. அருங்காட்சியகங்களும் பயணிகளும் முகமூடியை விலைக்குக் கேட்டார்கள். செதுக்குபவர்களும் பல்லைப் பெரிதாக்கி, வாயைக் கோணலாக்கிக் கொடுத்தார்கள். உங்கள் மகளை மிரட்டிய அந்த முகத்தில் சந்தைக்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, வயது குறைந்துவிட்டதால் மதிப்பு குறைந்துவிட்டதா? யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த பள்ளத்தாக்கு. நான்கே ஊர்கள், தலைக்கு மேல் சாமியார். அங்கே கல்யாணமாகாத பையன்கள், பிப்ரவரி 3 முதல் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய் வரை, யாரென்றே தெரியாதவர்களாக ஆகிவிடலாம். அந்தக் காலத்தில் இந்த உரிமை அவர்களுக்கு மட்டும்தான். இன்று பெண்களும் சிறுவர்களும்கூட வேடம் கட்டுகிறார்கள். பழைய உடையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், கையுறை மாட்டுவார்கள். செருப்பை வைத்து அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று காலில் சாக்குத்துணியும் சுற்றிக்கொள்வார்கள். குளிரை விரட்டுகிற கதையைவிட இந்தச் சாக்குத்துணி எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. குளிர் தானாகவே போய்விடும் என்று மலைக்காரனுக்குத் தெரியாதா என்ன?

எனக்கு ஆறேழு வயதிருக்கும். ஊர்க்கொடையில் ஒரு புலிவேடம் என்னைத் துரத்தியது. அலறிக்கொண்டு திண்ணைக்கடியில் புகுந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் புலியின் கால் மட்டும்தான் தெரிந்தது. குதிகாலில் அந்தப் பித்தவெடிப்பு! ஒவ்வொரு ராத்திரியும் நான் விளக்கெண்ணெய் தடவிவிட்ட கால். பெரியப்பா என்று கத்தினேன். புலி ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி பெரியப்பா என்னோடு பேசவில்லை. அவருடைய ஒரு நாளை நான் கெடுத்துவிட்டேன் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? சடங்கு, தொன்மை என்று அவளிடம் பாடம் எடுக்காதீர்கள் அம்மா. பயந்த குழந்தைக்கு மானுடவியல் எதற்கு? உங்கள் படத்தை அவளிடம் கொடுங்கள். பின்னால் தெரியும் வீடுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை என்பதையும் சொல்லுங்கள், அவளுக்கு அது புரியும் வயதுதான். போக வேண்டும் என்று அவளாகக் கேட்டால் பக்கத்து ஊரான விலருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்று மட்டும் சொல்லிவைத்தால் போதும். சாக்குத்துணி அவிழ்ந்து இழுபட ஓடுகிறவன் ஒருவனாவது இருப்பான். அவன் யாரென்று தெரிந்தாலும் கத்திவிட வேண்டாம்.