ரூயின்ஸ் இசை, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானின் ரூயின்ஸ் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் டிரம்ஸை அடித்து நொறுக்குகிறார், இன்னொருவரின் பேஸ் கிதார் உறுமுகிறது, நடுவே புரியாத மொழியில் அலறல். மெட்டல், பங்க் என்ற ராக் வகைகளும், கட்டுப்பாடின்றி வாசிக்கும் ஃப்ரீ ஜாஸும் இதில் கலந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மனம்போன போக்கில் வாசிப்பதை எப்படி இசை என்பது?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தாங்க முடியவில்லை என்றால் புரிந்துகொள்கிறேன். ஆனால் மனம்போன போக்கு என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அவர்கள் நிறுத்தும் இடங்களைக் கவனியுங்கள். அசுர வேகத்தில் போகும்போதே இருவரும் சட்டென்று ஒன்றாக நிற்கிறார்கள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். வேறொரு தாளக்கணக்கில் ஒன்றாகவே தொடங்கிவிடுகிறார்கள். பல இடங்களில் பேஸின் ஒவ்வொரு சுரத்தின் மேலும் டிரம்ஸின் அடி பிசகாமல் விழுகிறது. மனப்பாடம் செய்து, கை பழகாமல் இது நடக்காது.

டட்சுயா யோஷிடா 1985-இல் தொடங்கிய குழு இது. மூவராக வாசிக்கத்தான் நினைத்தார்களாம். கிதார் கலைஞர் முதல் ஒத்திகைக்கே வரவில்லையாம். கிதாரின் வேலையும் பேஸின் தலையில் விழுந்தது. நீங்கள் கேட்ட உறுமல் அதுதான். அலறுபவரும் யோஷிடாதான், டிரம்ஸ் வாசித்துக்கொண்டே. அந்தச் சொற்கள் அவரே உருவாக்கியவை. பிரான்ஸின் மாக்மா குழு 1970-களிலேயே தனக்கென்று ஒரு மொழியை உண்டாக்கிப் பாடியது. யோஷிடா அந்த வழியில் வந்தவர்.

வேகம் மெட்டலுடையது, சுருக்கம் பங்க் இசையுடையது. ஃப்ரீ ஜாஸை உணர, ஆங்கிலேய கிதார் கலைஞர் டெரெக் பெய்லியுடன் இவர்கள் 1990-களில் பதிவுசெய்த 'சைசோரோ' இசைத்தட்டைக் கேளுங்கள். பெய்லி எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் வாசித்தவர். கணக்கில் இத்தனை கறாரான இருவர் அவருக்காகக் கணக்கைக் கைவிட்டுக் காதை மட்டும் நம்பி வாசிக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் மிகவும் பிடிக்கும்.

அதுவும் கடினமாக இருந்தால், அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேனும் ரஷீத் அலியும் 1967 பிப்ரவரியில் பதிவுசெய்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' இருக்கிறது. சாக்ஸபோன், டிரம்ஸ், அவ்வளவுதான். கோல்ட்ரேன் முதலில் சிறு மணிகளைக் குலுக்குகிறார், பிறகே சாக்ஸபோனை எடுக்கிறார். அந்த ஜூலையில் அவர் இறந்துவிட்டார். இசைத்தட்டு வெளிவந்தது 1974-இல். அலி தாளத்தைக் கட்டிப் பிடிப்பதே இல்லை, ஆனாலும் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் நுழைந்துவிடுகிறார்.

முதலில் அதைக் கேளுங்கள். பிறகு ரூயின்ஸுக்குத் திரும்பி, அலறலைப் பொருட்படுத்தாமல் பேஸை மட்டும் பின்தொடருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் விலகினீர்கள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.